எண்பது வருஷத்துப் பெட்ரோல்

அன்புள்ள சோனியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

உலக யுத்தத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து எண்ணெய் எடுக்கிறோம் என்றேன் அல்லவா? சரக்குக் கப்பலாகக் கட்டியதாம். யுத்தம் வந்ததும் மேலே தளம் போட்டு விமானம் ஏற்றி, உணவுக் கப்பல்களுக்குக் காவலாக அனுப்பினார்களாம். ஒன்பதே மாதம். எதிரி தொடவில்லை. உள்ளே பெட்ரோல் குழாய் கசிந்து, பொறி பட்டு, எட்டு நிமிஷத்தில் மூழ்கிவிட்டது.

நேற்று அதன் தொட்டியைத் துளைத்ததும் பெட்ரோல் நெடி மேலே வந்து சைரன் அலறியது. ஸ்பேனர் கீழே விழுந்தால் பொறி பறக்கும் என்று அரைமணி நேரம் அதை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் ஆர்.கே.பேட்டை வெங்கடேசன் அண்ணன், "இன்னா சாம்சன், எண்பது வருசம் ஆயும் வாசன போவலியே!" என்றார். சிரித்துவிட்டேன். கை மரத்துப்போனதுதான் மிச்சம், பயப்படாதே.

நம் வீட்டு கேஸ் டியூப்பில் விரிசல் இருந்ததே, மாற்றுகிறேன் என்று சொல்லிச் சொல்லி மாற்றாமலே வந்துவிட்டேன். இதைப் படித்ததும் புதுவாயல் கடைவீதியில் வாங்கி மாற்று. அதுவரை அடுப்பைப் பற்றவைக்காதே. நாஷ்டா கடையில் வாங்கிக்கொள்.

இங்கே சிக்னல் இல்லை. கரைக்குப் போகும் படகு ஹாரன் அடிக்கிறது, கடிதத்தைக் கேட்கிறார்கள். மாற்றியதும் போட்டோ எடுத்து அனுப்பு, கரைக்குப் போனதும் பார்க்கிறேன். டியூப் மட்டும் வேண்டாம். பக்கத்தில் நீயும் பாப்பாவும் நில்லுங்கள்.

உன் சாம்சன்