தாமதமாகக் கிளம்பிய இன்ஜின்

கண்ணு சங்கரிக்கு,

நீங்கள் இருவரும் அனுப்பிய குட்டி ரயில் இன்ஜின், உங்கள் கல்யாணத்தை ஏற்காத அப்பா தொடாததால், இத்தனை நாளும் பீரோ மேலேயே கிடந்தது. இன்று நானே பிரித்து, தறி அருகே அப்பா தன் பழைய பொம்மை இன்ஜின்களுக்காகப் போட்டிருக்கும் தண்டவாளத்தில் வைத்தேன்.

அவர் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருப்பினார். பழைய இன்ஜின்கள் ஓடும் அளவுக்குத் திருப்பியும் இது அசையவில்லை.

"பாத்தியா, இதுவும் நம்ம வீட்டுக்கு ஒத்து வராது" என்றார்.

உன் வீட்டுக்காரர் போனில் சொன்னதைச் சொன்னேன். "உள்ள சின்னதா ஒரு மூளை இருக்குதாம். அது முழிச்சிக்க கரண்ட் கொஞ்சம் அதிகமா வேணுமாம். இன்னும் திருப்புங்க."

முனகிக்கொண்டே திருப்பினார். விளக்கு எரிந்தது. இன்ஜின் கூவிக்கொண்டே கிளம்பி, பட்டுநூல் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்களே வந்துவிட்டார்கள்.

"எங்க மாப்பிள்ளை அனுப்புனது" என்று அவர்களிடம் காட்டுகிறார்.

தீபாவளிக்குச் சட்டை எடுக்க மாப்பிள்ளையின் அளவு வேண்டுமாம். உடனே எழுது.

அம்மா