அந்தோணி அண்ணனின் சீட்டுகள்

நவம்பர் 9, ஞாயிறு

மாதா கோயிலில் வேண்டுதல் எழுதிப் போடும் மன்றாட்டுப் பெட்டியில் விழும் சீட்டுகளை வாராவாரம் மூலக்குளத்து வீட்டில் படுக்கையில் கிடக்கும் அந்தோணி அண்ணனிடம் நான்தான் கொண்டுபோவேன். பழைய மில் தொழிலாளி. யார் யாரோ எழுதிப் போட்டதை ஒவ்வொன்றாகப் படித்து ஜெபிப்பார். இன்னும் ஒரு மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஓய்வெடுக்கட்டும் என்று இன்று ஆரஞ்சுப் பழம் மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

“சீட்டு எங்க டீச்சர்?”

“இந்த வாரம் வேணாமேன்னு...”

“ஏன், அதுக்குள்ள என்னச் சவப்பெட்டியில வச்சு ஆணி அடிச்சிட்டீங்களா? ஒரு மாசம் இருந்தா ஒரு மாசத்துக்கு வேலை இருக்குல்ல?”

மணி அடிக்குமுன்னே, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் விடைத்தாளைப் பிடுங்கியது போல் இருந்தது எனக்கு. ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சீட்டுகளை எடுத்து வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அவங்க கேட்டது கிடைச்சுதான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதே அண்ணே. அப்புறம் எப்படி?” என்று கேட்டேன்.

“மில்லுல நான் நெய்த வேட்டிய யார் கட்டுனாங்கன்னு எனக்குத் தெரியுமா? அதுக்காகத் தறிய நிறுத்துனனா?”

சிரித்துவிட்டு, பாதிச் சீட்டுகளை என்னிடம் நீட்டினார். “எனக்கப்புறம் ஆள் வேணும்ல. பழகிக்கோங்க.”

முதல் சீட்டில், மகள் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறாள். பெயர் இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவள் நான். முகம் தெரியாதவர்களுக்காக எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த மகள் இந்நேரம் எங்கே இருப்பாள்? சாப்பிட்டிருப்பாளா?