விலைமனுவின் மேல் வைத்த கடிதம்

2007 மார்ச் 5, திங்கள்

காலையில் தூறல். குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். இந்த வருடத்தில் இரண்டாவது குடை.

ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம். என் இடத்துக்கு வரப்போகிறவருக்காக என் வேலையை எழுதித் தரும்படி பிரிவுத் தலைவி திருமதி பெ. கேட்டார். இந்த ஜெர்மன் நகரசபையின் பாடசாலைக் கொள்முதல் பிரிவு, விலைமனு (டெண்டர்) மேசை. எழுதினேன்:

1. வரும் உறையைத் திறக்கக் கூடாது.
2. திகதி, மணி, நிமிடம். முத்திரை. இலக்கம்.
3. பூட்டிய அலுமாரி. திறப்பு என்னிடம்.
4. குறித்த நேரத்தில் இருவர் சேர்ந்து உறைகளை வெட்டுவது.
5. உறைக்குள் உள்ள ஒவ்வொரு தாளிலும் இயந்திரத்தால் திகதித் துளை. அதற்குப் பிறகு ஒரு தாளைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது.

பதினாறு வருட வேலை ஐந்து வரிக்குள் முடிந்துவிட்டது. ஏதோ விட்டுப்போனது போல இருந்தது. மீண்டும் வாசித்தேன். ஒன்றும் விடவில்லை.

மூன்று ஆரம்பப் பாடசாலைகளின் மதிய உணவுக்கு விலைமனு கோரியிருக்கிறோம். இரண்டு வருட ஒப்பந்தம். கடைசி நேரம் 15ஆம் திகதி வியாழன், பதினொரு மணி.

மார்ச் 7, புதன்

குளிர். மனைவி பிலோவுக்கு முழங்கால் வலி. மருந்துக்கடை.

மாலையில் ரெஜினா வந்தாள். மன்னார்ப் பிள்ளை, கணவன் இல்லை, வாடகைக்கு எடுத்த சமையல்கூடத்தில் நாலு பெண்களோடு சமைக்கிறாள். அந்த மூன்று பாடசாலைகளில் ஒன்றுக்கு நாலு வருடமாக அவள்தான் சாப்பாடு. இதுவரை பாடசாலை அதிபரே நேரில் பேசி ஒழுங்கு செய்தார். இப்போது எல்லாம் விலைமனு மூலம். கிடைக்காவிட்டால் கோடை விடுமுறையோடு கூடத்தைப் பூட்ட வேண்டும்.

கடைப் பை நிறையத் தாள்கள். மேசையில் கொட்டினாள்.

"அண்ணை, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. நாப்பது பக்கம். எனக்குக் கண்ணைக் கட்டுது."

"ஏலாது ரெஜினா. நான் அந்த மேசையில வேலை செய்யிறன். உதில கை வைக்கக் கூடாது."

"எழுத வேண்டாம். பாத்தாக் காணும்."

"பாக்கவும் கூடாது. விளங்கேல்லையெண்டா கந்தோருக்குக் கடிதம் எழுதிக் கேக்கலாம். பதில் எல்லாருக்கும் ஒரேமாதிரிப் போகும்."

"கடிதம் எழுதத் தெரிஞ்சால் நான் ஏன் அண்ணை இஞ்ச வாறன்?"

சிரித்துக்கொண்டே திரும்பப் பையில் அடுக்கினாள். தேநீர் குடிக்கவில்லை.

அவள் போனதும் பிலோ: "நாலு பெண்டுகளின்ர சோறு. உங்களுக்கு ரூல்ஸ். கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாத்திருந்தா ஆருக்குத் தெரியும்?"

நான் செய்தது சரி. சரி என்று மூன்று தடவை எழுதலாம் போலிருக்கிறது.

மார்ச் 8, வியாழன்

திருமதி பெ.யிடம் போய்ச் சொன்னேன். விலைமனு தரக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும் என்று. கதவருகில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான்.

"உறவா?"

"இல்லை. கோயிலில் பழக்கம்."

"நீங்கள் முத்திரை குத்துகிறீர்கள், துளை போடுகிறீர்கள். தீர்மானம் என்னுடையது. பயப்பட வேண்டாம்."

குறிப்பொன்று எழுதிக் கோப்பில் போட்டார். நிம்மதி. மதியம் முட்டை பாண்.

மார்ச் 11, ஞாயிறு

டோர்ட்மண்டில் தமிழ்ப் பூசை. தவக்காலம், பீடத்தில் பூ இல்லை. வெளியே ரெஜினா.

"கோவமில்லை அண்ணை. எல்லாம் நிரப்பிப்போட்டன். மகளும் இருந்து பாத்தவள். ரெண்டு இரவு நித்திரை இல்லை."

"கையெழுத்து வச்சியோ?"

"வச்சன். ஒவ்வொரு பக்கத்திலயும் வச்சன்."

கேட்டிருக்கக் கூடாது. அதுவும் உதவிதானோ? வரும் வழியெல்லாம் அதே யோசனை. பிலோ ரயிலில் தூங்கினாள்.

மார்ச் 14, புதன்

வெயில். ஜன்னலைத் திறந்தேன்.

பத்து இருபதுக்கு ரெஜினா தானே உறையைக் கொண்டுவந்தாள். நல்ல கோட்டு, சப்பாத்து துடைத்திருந்தது. இருவரும் ஜெர்மன் பேசினோம். அவள் என்னைக் குடும்பப் பெயர் சொல்லி ஐயா என்றாள். நான் அவளை அம்மா என்றேன். முத்திரை. இலக்கம் 3. பற்றுச்சீட்டு.

திரும்பிப் போகும்போது மட்டும், மெதுவாக, தமிழில்: "அந்தோனியார் காலடியில மூண்டு நாள் வச்செடுத்தனான்."

உறையின் மூலையில் மெழுகுப் பொட்டு ஒன்று. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

மார்ச் 15, வியாழன்

எழுதவே மனமில்லை. ஆனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

பதினொரு மணி. ஐந்து உறைகள். திருமதி பெ. வெட்டினார், நான் எண்ணினேன், துளையிட்டேன். உறை 1, 2: பெரிய கம்பனிகள், உறைய வைத்த சாப்பாட்டுக்காரர்கள். வண்ணப் படங்கள்.

உறை 3. எல்லாம் அடுக்காக. ஒவ்வொரு பக்கத்திலும் ரெஜினாவின் உருண்டைக் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனித்தாள்.

திருமதி பெ. பார்த்துச் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. "இப்படி முடிக்கிற கடிதத்தை என் தாத்தா காலத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. யார் எழுதிக் கொடுத்தார்களோ." தொலைபேசி அடித்தது. பக்கத்து அறைக்குப் போனார்.

யார் எழுதிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நான்தான்.

நாலு வருடத்துக்கு முன், அதிபருக்குக் கொடுக்க ரெஜினாவுக்கு நான் எழுதிய கடிதம். பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய கடித நூலைப் பார்த்து எழுதியது. முடிவு வணக்கம் அதிலிருந்துதான். அதையே படியெடுத்து, திகதியை மட்டும் மாற்றியிருக்கிறாள். இரண்டாம் பந்தியில் என் வசனம்: இணைத்துள்ள விலை முடிவானதல்ல, நேரில் பேசி, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

விலையை அப்படியே முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்று அன்று நினைத்தேன். நம்மவர்களிடம் அப்படித்தானே. அதிபருக்குப் பிடித்திருந்தது, அழைத்துப் பேசினார், வேலை கிடைத்தது. ஆனால் விலைமனுவில் அந்த வசனம் இருந்தால் விலையே இல்லை என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட மனுவை எடுக்க முடியாது. பதினாறு வருடமாகப் பார்க்கிறேன்.

தாள் என் கையில். துளையில்லாத தாள், இன்னும் உருவிவிடலாம். பக்கத்தில் வெற்று உறைகளின் குவியல். அறையில் யாரும் இல்லை. திருமதி பெ. தொலைபேசியில் விடுமுறை வீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும்.

துளையிட்டேன்.

கை தானாகச் செய்தது என்று எழுத வந்தேன். கை தானாகச் செய்யாது.

மார்ச் 16, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் வலி பிலோவுக்கு.

மார்ச் 20, செவ்வாய்

ஆலங்கட்டி மழை, ஐந்து நிமிடம்.

முடிவு. திருமதி பெ. கோப்பை மூடும்போது சொன்னார்: "மூன்றாம் இலக்கம் பாவம். பிள்ளைகள் ருசி பார்த்ததில் அதுதான் முதல். விலையும் நல்லது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அவர்களுக்கே கொடுத்திருப்பேன்."

அந்தத் தாளை எழுதியது நான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். "ஆம், பாவம்" என்றேன்.

வெளித் தபால் பதிவேட்டில் ரெஜினாவின் பெயரை நான்தான் எழுதினேன். கடிதத்தில் இரண்டே வரி. படிவ விதிகளின்படி ஏற்க முடியவில்லை என்று.

மார்ச் 25, ஞாயிறு

மணிக்கூடுகளை ஒரு மணி முன்னே வைத்தேன். சமையலறை மணிக்கூட்டை மறந்து பூசைக்குப் பிந்திவிட்டோம்.

மத்தியானம் ரெஜினா அந்தக் கடிதத்தோடு வந்தாள். அழுது முடித்த முகம்.

"இப்ப வாசிக்கலாம்தானே அண்ணை? முடிஞ்சுதானே?"

வாசித்தேன்.

"படிவ விதி எண்டா?"

"ஏதோ பேப்பர் பிழை."

"எந்தப் பேப்பர்?"

"தெரியேல்லை."

எழுதிவிட்டேன். தெரியேல்லை என்றுதான் சொன்னேன்.

"ஒவ்வொரு பக்கமா எண்ணி எண்ணி வச்சன் அண்ணை. எங்கயோ ஒரு இடத்தில கையெழுத்து விட்டுப்போட்டன் போல. மகளும் சொன்னவள், அம்மா நித்திரை தூங்கித் தூங்கி வைக்காதை எண்டு. என்ர பிழைதான்."

பிலோ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாற்பது வருடம் சேர்ந்து இருக்கிறவள்.

மார்ச் 27, செவ்வாய்

குடை கிடைத்தது. பஸ் கம்பனியின் அலுவலகத்தில். முதலாவது குடை, இரண்டாவது இல்லை.

ரெஜினாவின் கூடத்தில் இரண்டு பெண்கள் வேறு வேலை தேடுகிறார்களாம். பிலோ சொன்னது.

மார்ச் 28, புதன்

ரெஜினா தொலைபேசி. குரலில் கொஞ்சம் உயிர்.

"அண்ணை, பக்கத்து ஊரிலயும் டெண்டராம். ரெண்டு பாடசாலை. அது உங்கட கந்தோர் இல்லைத்தானே? எல்லாம் நிரப்பிப்போட்டன். நாளைக்கு நேர கொண்டுபோய்க் குடுக்கிறன். இந்தமுறை கையெழுத்தை மூண்டு பேர் எண்ணினவை."

"மேல என்ன வச்சனி?"

"வேற என்ன, உங்கட கடிதம்தான். அதாலதானே முதல்ல எங்களுக்கு வேலை கிடைச்சது. ராசியான கடிதம் அண்ணை. போனமுறையும் வச்சனான், உங்களுக்குச் சொல்லேல்லை. ஏசுவியள் எண்டு பயம்."

ரிசீவரை வைத்த பிறகு பிலோ: "என்னவாம்?" "ஒண்டுமில்லை." "உங்கட முகம் ஒண்டுமில்லை எண்டு சொல்லேல்லை."

மார்ச் 29, வியாழன்

கந்தோருக்கு விடுப்பு. பதினாறு வருடத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்த முதல் விடுப்பு. பனிப்புகார். எட்டு மணிக்கு ரெஜினாவின் கூடம்.

பெரிய சட்டியில் பருப்பு. ஒருத்தி கரட் வெட்டினாள். உறை மேசையில், ஒட்டி, மேலே அந்தோனியார் படம்.

"இதைத் திற" என்றேன்.

"விசரோ அண்ணை? ஒட்டினதைத் திறக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே எப்பவும் சொல்லுறனீங்கள்."

"இன்னும் குடுக்கேல்லை. உன்ர கையில இருக்கிற மட்டும் திறக்கலாம்."

நானே கிழித்தேன். மேல் தாளை எடுத்தேன். அந்த வசனத்தை ஜெர்மனில் வாசித்து, தமிழில் சொன்னேன். அது அங்கே என்ன செய்யும் என்று சொன்னேன். போன தடவை என்ன செய்தது என்று சொன்னேன். அன்று என் கையில் இருந்தது, துளையிட்டது நான் என்றும். ஞாயிற்றுக்கிழமை தெரியேல்லை என்று சொன்னபோதே எனக்குத் தெரியும் என்றும். ஒழுங்கு வரிசையில் சொல்லிவிட்டேன். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயம்.

கரட் வெட்டின சத்தம் நின்றது.

ரெஜினா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். "அந்தக் கடிதத்தை நான் பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்கிறன்" என்றாள். பிறகு சட்டியைக் கிண்டினாள். அடிப்பிடித்த மணம்.

புது உறை ஒன்றை நானே வாங்கி வந்தேன். அவள் மற்றத் தாள்களைப் போட்டாள், ஒட்டினாள். முகவரியை நான் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். நான் எழுதுறன்."

ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிப் பிள்ளை மாதிரி. எழுதி முடிக்கும்வரை நின்றேன். அவள் நிமிரவில்லை.

"போங்கோ. உங்கட பஸ் போயிடும்."

அண்ணை என்று சொல்லவில்லை.

பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தி வந்தது.