அப்பா குடிக்காத ஷிராஸ்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "ஏம்மா அப்பா இப்படிப் பண்ணாரு?" என்று நீ அனுப்பிய ஒற்றை வரிக்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசினால் ஒன்று நீ அழுவாய், இல்லை நான் கத்துவேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் வருங்கால மாமனாரும் மாமியாரும் சனிக்கிழமை சாயங்காலமே ஓட்டலிலிருந்து நடந்து வந்துவிட்டார்கள், நாம் அழைத்திருந்தது மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு. மாமனார் கையில் துணி சுற்றிய ஒரு பாட்டில், கைக்குழந்தையைத் தூக்கிவருகிற பக்குவத்தில். மாப்பிள்ளை பிறந்த வருடத்துத் திராட்சையில் அவரே செய்த ஷிராஸ் ஒயினாம், நிலவறையில் மிச்சம் இருப்பதே ஒன்றிரண்டுதானாம். "அடியில வண்டல் இருக்கும்மா, நிமிர்த்தி வச்சு அசைக்காம விடுங்க, நாளைக்குத் திறப்போம்" என்று அவரே அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார். அசைக்கக் கூடாது என்றதால் பக்கத்துத் தையற்கார அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை. அப்பா குடியை விட்ட நாளிலிருந்து இருமல் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கிறதா என்று விசாரித்து வாங்குகிற வீடு இது. நான் பாட்டில் மேல் ஒரு துண்டைப் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "மூடாத. மூடினா இன்னும் பெருசாத் தெரியும்" என்றார்.

சமையலை நீ போனில் சொன்னபடியேதான் செய்தேன். மிளகாய் வேண்டாம், எலுமிச்சை பிழியாதே, வினிகர் பக்கமே போகாதே, பழைய ஒயின் மென்மையானது, காரமும் புளிப்பும் அதை அமுக்கிவிடும் என்றாய். மிளகாய் இல்லாமல் சமைக்கச் சொன்னால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான். இருந்தாலும் ஆட்டுத்தொடைக்கு மிளகும் பூண்டும் தடவி, கறி எலும்பை விட்டுத் தானாகக் கழலும்வரை சிறு தீயில் வேகவைத்தேன், காளானை வெண்ணெயில் வதக்கிப் பக்கத்தில் வைத்தேன். இது வரைக்கும் நீ சொன்னதெல்லாம் சரி சின்னு. அதே போனில் சொன்ன இன்னொன்றுதான் சரியில்லை. அப்பா ஒயினை ரசித்துக் குடிக்கிறவர் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன், உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளச் சொல்லு, ஒரு வாய்தானே என்றாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, லீவு நாளிலே போய் தான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிவிட்டு வந்தார்.

மதியம் உன் மாமனார் பாட்டிலைச் சாய்த்து, வண்டல் கலங்காமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கிளாஸைப் பிடித்துக் காட்டினார், நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், ஓரம் இப்படிப் பழுத்தால் வயசாகிவிட்டது என்று அர்த்தமாம். "இளசுல இது முரட்டுப் பயலா இருந்துச்சும்மா, யார் பேச்சையும் கேக்காது. இப்பதான் நிதானம் வந்திருக்கு" என்று சிரித்தார். மரியாதைக்கு நானும் ஒரு வாய் குடித்தேன். முதலில் மாதுளைத் தோலைக் கடித்த மாதிரி துவர்ப்பு. கறியை ஒரு துண்டு மென்றுவிட்டு மறுபடி குடிக்கச் சொன்னார். அந்தக் கொழுப்பில் துவர்ப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை, உலர்ந்த பிளம்ஸ் பழமும் லேசான புகையும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி தொண்டைவரை நின்றது. உனக்கென்ன மறைப்பது, நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பயமாகிவிட்டது. எனக்கே இப்படி என்றால், எதிரே கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அந்த நேரம் பார்த்து உன் மாமனார், "நீங்க சொல்லுங்க, உங்க மூக்குக்கு என்ன தெரியுது? ரசிச்சுக் குடிக்கிறவர்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா" என்றார். அப்பா கிளாஸை எடுத்தார். மூக்குப் பக்கம் கொண்டுபோய், "மிளகு தெரியுது. பழைய தோல் சீட்டு வாசம் தெரியுது" என்றார், அது சரிதான் என்று மாமனார் மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். அப்பா கிளாஸை மெதுவாகக் கீழே வைத்து என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு இதுக்கு மேல முடியாதுங்க. ஒண்ணோட நிறுத்தத் தெரியாத ஆளு நான். அதனாலயே ஒரு தடவை லைசென்ஸ் போச்சு, திரும்ப வாங்க வருஷக்கணக்காச்சு, குடும்பமும் போக இருந்துச்சு. எம்பொண்ணு என்னை விட்டுக்கொடுக்க மனசில்லாம மாத்திச் சொல்லிட்டா, அவளைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். இதைச் சொல்லும்போது அவர் தலை குனியவே இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் மாமியார் முள்கரண்டியைத் தட்டில் வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. நான் தட்டுகளை உள்ளே கொண்டுபோனபோது பின்னாலேயே வந்து, "குடிச்சாருங்கறது பெருசில்லைங்க. எங்ககிட்ட ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நீதான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கல்யாணத் தேதியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். மீதி ஒயினை நான் தொட்டியில் கொட்டினேன், வீடே மணத்தது, அது அடங்கும்வரை அப்பா வாசல் படியில் நின்றார். அன்றிலிருந்து தினமும் குடியை விட்டவர்கள் கூட்டத்துக்குப் போய்வருகிறார். வந்தால் ஒரே கேள்வி, "நான் அவ வாழ்க்கையைக் கெடுத்துட்டேனா?" நீ அவர் போனை எடுக்காமல் இருப்பது வேறு.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலையில் உன் மாமனார் அப்பாவைக் கூப்பிட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். போனை வைத்துவிட்டு அப்பா என்னிடம் வந்து, "அவரு தம்பியும் என்னை மாதிரிதானாம். நிறுத்தலையாம். நிறுத்தியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாருன்னு சொல்லி அழறாரு" என்றார். மாமியார் மனசு என்னவென்று இன்னும் தெரியாது, உன்னிடம் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் நீயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடு, அடுத்தவர் வாயால் போக விடாதே. நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நடக்க வேண்டும், நல்லவர்கள் நடுவில் நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும். அப்பா சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குத் தாங்காது. சாப்பிட்டீங்களா அப்பா என்று கேள், போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா