இருபத்துநான்காவது கையெழுத்து

லைப்சிக்
11.02.2025

அன்புள்ள பிளோறன்ஸ் அக்காவுக்கு,

நீங்களும் உங்கள் சபை ஆட்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலு தரம் போன் எடுத்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். மகள் தக்சாயினியின் வீட்டில் இரண்டே அறை. இவர் எந்நேரமும் என் பக்கத்திலேயே இருக்கிறார். போனில் ஒன்றும் கதைக்க ஏலாது. அதனால்தான் கடிதம்.

போன கிழமை பெரிய டொக்டரைச் சந்திக்க டெர்மின் தந்திருந்தார்கள். டொக்டர் சொன்னதைத் தக்சாதான் தமிழில் சொன்னாள். உங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இவருக்குக் கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டதாம். வெட்ட ஏலாது. மூன்று மாதம், கூடினால் நாலு.

இதை நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நான் சைவக்காரிதான், ஆனால் ஆறு வருசம் உங்கள் சபை எல்லாருக்கும் போடும் புதன்கிழமைச் சாப்பாட்டுக்குப் பருப்புக் காய்ச்சியவள். அந்த உரிமையில் கேட்கிறேன். உங்கள் கோயிலில் எங்களுக்காகக் கும்பிடுங்கள்.

இவர் சந்தோசமாகத்தான் இருக்கிறார். சித்திரையில் கார்ஹிங்குக்குத் திரும்பி வந்து எங்கள் தோட்டத்துண்டில் உருளைக்கிழங்கு நட வேண்டும் என்கிறார். தபால் எடுக்க ஒவ்வொரு நாளும் மூன்று மாடி இறங்கி ஏறுகிறார். இப்போது அவருக்கு உள்ள நடை அது ஒன்றுதான்.

பதில் எழுதுவதென்றால் தக்சாவின் பெயருக்குப் போடுங்கள்.

அன்புடன்,
கஜந்தி


கார்ஹிங்
24.02.2025

அன்புத் தங்கை கஜந்திக்கு,

ஆண்டவரின் கிருபை உம்மோடும் சோதிலிங்கம் அண்ணையோடும் இருப்பதாக. உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அழுதேன். பிறகு எழும்பி முகம் கழுவிவிட்டு வழமைபோல் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கப் போனேன். வேறென்ன செய்வது, எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

நீர் மகளிடம் போனபிறகு புதன்கிழமைச் சாப்பாடு சாப்பாடாக இல்லை. போன கிழமை நான் காய்ச்சிய பருப்பை அந்தப் பல்லில்லாத கிழவர், ஹெர் கிறவுஸ, ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "சமையல்காரி எப்ப வருவா?" என்று கேட்டார். உம்முடைய கைப்பக்குவம் எனக்கு வராது. தேங்காய்ப்பால் ரின் பதினாறு அலுமாரியில் கிடக்கிறது. மண்டபத்தைத் தந்திருக்கும் லுத்தரன் சபைக்காரர், நாங்கள் எட்டு மணிக்குள் கூட்டித் துடைப்பதில்லை என்று குறைப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். எங்கள் சபையில் ஞாயிறு வருவதே பத்தொன்பது பேர். அதில் யார் துடைப்பது?

நீர் சொன்னபடி நோயின் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணைக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லிப் பெயரை ஜெபப் பட்டியலில் எழுதினேன். எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும், பெயர் சொல்லித்தான் ஜெபிப்போம். தமிழ் தெரியாத குருவானவர் அம்மா அந்தப் பெயரைப் படாத பாடு படுத்திவிட்டா. "சோட்டிலிங்" என்றதோடு நின்றுவிட்டது.

அண்ணைக்கு ஒரு கார்ட்டும் போட்டிருக்கிறோம். ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது நான்தான் பேனாவோடு ஆள் ஆளாகப் போய் நின்று கையெழுத்து வாங்கினேன். மிச்சத்தைப் புதன்கிழமை வாங்கினேன். என்னோடு சேர்த்து இருபத்துமூன்று. எல்லாரும் இங்கிலீசிலும் ஜெர்மனிலும் சுகம் பெறுக என்று எழுதினார்கள். அண்ணை ஆறுதலாக இருந்து வாசிக்க ஒரு வரியாவது வேண்டும் என்று நான் தமிழில் எழுதினேன். எங்கள் சபையில் தமிழ் வாசிக்க வேறு ஒருவரும் இல்லையே, அதனால் மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதினேன்.

கார்ட்டை அண்ணையின் பெயருக்கே போட்டேன். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிராது என்றுதானே தக்சாவின் பெயரைச் சொன்னீர். அவளுடைய பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன், தவறாமல் வந்து சேரும். தன் பெயருக்கு ஒரு தபால் வந்தால் மனுசன் சந்தோசப்படும்.

நேரத்துக்குச் சாப்பிடும். உம்மையும் பாரும்.

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்கா,
பிளோறன்ஸ்


லைப்சிக்
06.03.2025

பிளோறன்ஸ் அக்காவுக்கு,

கார்ட் வந்தது. இவர்தான் தபால்பெட்டியில் இருந்து எடுத்தார்.

இவருக்கு ஒன்றும் தெரியாது அக்கா. வயிற்றில் புண், ஆறக் கொஞ்சக்காலம் எடுக்கும் என்றுதான் தக்சா சொன்னாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இவருடைய தமையனுக்கும் இதே புற்றுநோய் வருத்தம் வந்தது. தெரிந்த நாளே சாப்பாட்டை விட்டார். பதினெட்டு நாளில் முடிந்தது. இவரும் அதே வார்ப்பு. இருக்கிற மூன்று மாதத்தையாவது பயமில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மேலே ஏறி வந்து குசினிக் கதிரையில் இருந்தார். மூச்சு வாங்கினது அடங்கியது. பிறகு கார்ட்டை விரித்து, நீங்கள் எழுதியதை எழுத்து எழுத்தாக வாசித்தார். "உங்கள் கடைசி நாட்களில் கர்த்தர் நோவில்லாமல் நடத்துவார். முடிவுவரை நாங்கள் உங்களோடு."

"ஆருக்குக் கடைசி நாள், கஜந்தி?" என்று கேட்டார்.

அக்கா வேறு யாருக்கோ எழுதியதை மாற்றி அனுப்பிவிட்டா என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "பிளோறன்ஸ் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறீர். எனக்குச் சொல்லேல்லை" என்றார். அவ்வளவுதான்.

பதில் வேண்டாம்.

கஜந்தி


கார்ஹிங்
10.03.2025

என் தங்கை கஜந்திக்கு,

பதில் வேண்டாம் என்றீர். இது பதில் இல்லை, உம்முடைய காலில் விழுவது.

நீர் எல்லாவற்றையும் சொல்லித்தான் இருந்தீர். போனில் கதைக்க ஏலாது, அவர் பக்கத்தில் என்றீர். டொக்டர் சொன்னதைத் தக்சா சொன்னாள் என்றீர். அவர் உருளைக்கிழங்கு நட வேண்டும் என்கிறார் என்றீர். சாகப் போகிறேன் என்று தெரிந்த மனுசன் ஆடியில் கிண்டுகிற கிழங்கைப் பற்றிக் கதைப்பாரா? நான் அதை வாசித்துவிட்டு, பார், எவ்வளவு விசுவாசம் என்று நினைத்தேன்.

முப்பத்தொரு வருசம் இந்த நாட்டில். பதினாலு வருசம் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில். இங்கே டொக்டர் முதலில் நோயாளிக்குத்தான் சொல்லுவார், பிறகுதான் வீட்டு ஆட்களுக்கு. அதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் ஆட்கள் எப்படிச் செய்வார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என்னுடைய அப்பாவுக்கு நாங்களும் மறைத்தோம் கஜந்தி. மானிப்பாயில், அம்மா எங்களைப் பிள்ளை பிள்ளையாக வரிசையில் விட்டுச் சத்தியம் வாங்கினா. அதைக்கூட மறந்திருக்கிறேன்.

சாம்பல் புதன் ஆராதனைக்கு உம்முடைய கடிதம் வருவதற்கு மூன்று நாள் முதல் போயிருந்தேன். நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று குருவானவர் நெற்றியில் சாம்பல் பூசினா. மற்றவர்களுக்குச் சொல்லப்படுவதுபோல் நின்று பூசிக்கொண்டேன்.

நான் லைப்சிக்குக் கோச்சி ஏறி வரட்டோ? அண்ணையின் முன்னால் வந்து நின்று, அந்த வரி என்னுடைய பிழை, கஜந்தியின் பிழை இல்லை என்று சொல்லுகிறேன். ஒரு சொல் எழுதும், அடுத்தநாளே வருகிறேன்.

பிளோறன்ஸ்


கார்ஹிங்
16.04.2025

அன்புத் தங்கை கஜந்திக்கு,

ஐந்து கிழமையாக உம்மிடமிருந்து ஒன்றும் இல்லை. கேட்காமல் வருவதற்கு எனக்குத் துணிவில்லை. ஏற்கெனவே கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன் அல்லவா.

இது பரிசுத்த வாரம். இன்று புதன்கிழமை, ஆறு பேர்தான் சாப்பிட வந்தார்கள். வந்தவர்களுக்கும் ரொட்டியும் சூப்பும்தான். இந்த மாதத்தோடு நிறுத்துவது என்று சபைக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். ஹெர் கிறவுஸ உம்முடைய பெயரைக் கேட்டு ஒரு கடதாசித் துண்டில் எழுதிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நடந்ததைக் குருவானவரிடம் சொல்லி, கார்ட், முத்திரை, பேனா எல்லாம் வைத்திருக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவ வாங்க மறுத்தா. "அன்பினால் செய்ததுதானே" என்றா. அன்பினால் செய்தது என்று சொல்லிச் சொல்லி எவ்வளவைத்தான் மன்னிப்பது? பெட்டியை அவவின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணையின் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பதா, எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நீர் சொல்லும்வரை வைத்திருக்கிறேன். குருவானவரின் வாயில் அது அகப்படவில்லை. அதனால் இப்போது அந்த ஒரு பெயரை மட்டும் என் இடத்தில் எழும்பி நின்று நான் சொல்லுகிறேன்.

அவர் சாப்பிடுகிறாரா? அதை மட்டும் எழுதும். வேறொன்றும் வேண்டாம்.

பிளோறன்ஸ் அக்கா


லைப்சிக்
11.06.2025

அன்புள்ள பிளோறன்ஸ் அக்காவுக்கு,

இவர் மே ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை காலையில் காலமானார். போன ஞாயிறோடு முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்து முடித்துவிட்டோம். உங்களுக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் வருவீர்கள் என்று தெரியும்.

சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டார். நான் பயந்தது நடக்கவில்லை. கடைசிக் கிழமையிலும் பருப்பும் சோறும் குழைத்துக் கேட்டார். சாப்பாட்டை அவர் விடவில்லை அக்கா. என்னோடு கதைப்பதைத்தான் விட்டார். தண்ணி, ஜன்னல், வெளிச்சம். இரண்டு மாதம் இந்த மூன்று சொல்லுத்தான். தக்சாவிடம் அதுவும் இல்லை. அவள் வேலையால் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள், இவர் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்கு வரும் தாதியோடு தெரிந்த ஜெர்மனில் சிரித்துக் கதைப்பார். அந்தப் பிள்ளை அவரிடம் எதையும் மறைக்கவில்லை, இன்று நோ எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு மருந்து என்று உள்ளதைச் சொல்லும். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் கார்ட்டைச் சட்டைப் பொக்கற்றிலேயே வைத்திருந்தார். ஒருநாள் அதை எடுத்துப் போர்வையின்மேல் விரித்தார். தாதியிடம் வாங்கிய பேனாவும் இருந்தது.

"இருவத்திமூண்டு பேர் போட்டிருக்கினம். உம்மட கையெழுத்து மட்டும் இல்லை. போடும்" என்றார்.

அதுதான் இரண்டு மாதத்தில் என்னோடு கதைத்த ஒரே வசனம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்கு ஒண்டுமில்லை. நான் ஏன் போட வேணும்?" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன். ஐம்பது கிலோ கூட இல்லாத மனுசனைப் பார்த்துச் சொன்னேன். வாயில் அதுதான் வந்தது.

"சரி" என்றார். கார்ட்டை எடுக்கவில்லை. பேனாவை அதன்மேல் வைத்துச் சின்ன மேசையில் விட்டார். ஒன்பது நாள் அது அப்படியே கிடந்தது. நான் மேசையைத் துடைப்பேன், பேனாவைத் தூக்குவேன், திரும்ப வைப்பேன். நாளைக்குப் போடலாம் என்று நினைப்பேன். போட்டால் அவர் சாகப் போகிறார் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். வெள்ளிக்கிழமை தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். ஊற்றிக்கொண்டு வந்தபோது முடிந்திருந்தது.

உங்களில் கோபம் இல்லை என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதினால் அதுவும் ஒரு பொய். இனி என்னால் அது ஏலாது. சில நாள் உங்களில் கோபம் வரும். சில நாள், அந்த வரி இல்லாவிட்டால் அவர் என்னிடம் ஒன்றுமே கேட்காமல் போயிருப்பார் என்று நினைப்பேன். அந்த நாட்களில் என்னில்தான் கோபம். இரண்டும் மாறி மாறி வருகிறது. உங்களோடு கதைத்தால் நீங்கள் என்னைத் தேற்றுவீர்கள். எனக்குத் தேறுதல் வேண்டாம்.

கார்ட்டை இத்தோடு அனுப்புகிறேன். இதை இந்த வீட்டில் வைத்திருக்க ஏலாது, எறியவும் ஏலாது. முப்பத்தோராம் நாள் எல்லாரும் போனபிறகு கையெழுத்துப் போட்டேன். உங்கள் வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதே பேனாதான். அதை நாளைக்குத் தாதியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்களின் பெயர்களை உங்கள் சபையில் வாசிக்கும்போது குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அதில் இவர் பெயரையும் சேருங்கள். குருவானவர் வேண்டாம், நீங்களே எழும்பிச் சொல்லுங்கள். சோதிலிங்கம் என்று முழுதாகச் சொல்லுங்கள்.

எனக்குக் கார்ட் போட வேண்டாம்.

கஜந்தி