மாத்திரையை நிறுத்தச் சொன்ன மாமா

அண்ணே,

சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். ரசமும் பீர்க்கங்காய்க் கூட்டும் மூடி வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு உசிலம்பட்டியிலிருந்து சோணைமுத்து மாமா கீழாநெல்லிச் சாறோடு வருவார். அதைக் குடிக்காதே. "எச்.ஐ.வி. மாத்திரைதான் ஈரலைத் தின்னுருச்சு மாப்ள, ஆபரேசனுக்கு முன்னால நிறுத்திரு" என்று போன வாரம் சொன்னார். நீயும் தலையாட்டினாய். டீக்கடை பெஞ்சில் மருத்துவம் படித்தவருக்கு இம்புட்டு மரியாதையா?

எனக்கும் சந்தேகம் வந்தது. எனக்கு எதில்தான் வராது? டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். உன் ஈரலில் புற்றுநோயைக் கொண்டுவந்தது ஹெபடைடிஸ் பி கிருமியாம். அதையும் அடக்கி வைத்திருப்பது இதே மாத்திரைதானாம். நிறுத்தினால் ஈரல் வீங்கி ஆபரேசனே தள்ளிப்போகும். "எச்.ஐ.வி. கட்டுக்குள்ள இருக்கும்மா. மத்தவங்களுக்குச் செய்யிற அதே ஆபரேசனத்தான் இவருக்கும் செய்யப்போறோம். கட்டியும் சின்னதுதான்" என்றார்.

மாமா நம் டம்ளரைத் தொடமாட்டார். பேப்பர் கப் வாங்கி வைத்திருக்கிறேன். டீ குடித்த பிறகு அதை அவரையே உசிலம்பட்டிக்குக் கொண்டுபோகச் சொல்.

தமிழ்வாணி

பி.கு.: "போற உசுருக்கு எதுக்குக் கத்தி" என்று ஆரம்பித்தால், உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா என்று சொல்லிவிடு.

இன்னொன்று. காலையில் வீடு கூட்டும்போது குப்பையில் உன் மாத்திரையைப் பார்த்தேன். நீ தூங்குவது போல நடித்தாய், நானும் பார்க்காதது போல நடித்தேன். டாக்டரம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். நாளைக்கு நம்மை வரச் சொல்கிறார். இன்றைய மாத்திரையை நான் வந்ததும் என் கண் முன்னால் போடு. உன்னை நம்புகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.