ரெஜினாவின் அந்தூரியம்

ஒக்டோபர், வெள்ளிக்கிழமை இரவு. தன்னாமுனை.

மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து மனைவி ரெஜினா இன்று வீட்டுக்கு வந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் உள்ளே போகாமல், கிணற்றடியில் இருந்த தன் அந்தூரியப் பூச்செடித் தொட்டியைப் பார்க்கப் போனாள். இலையெல்லாம் மஞ்சளித்துக் கிடந்தது.

"என்னங்க செய்தீங்க இதை?"

"நாள் தவறாமத் தண்ணி ஊத்தினனே."

"ஊத்தி ஊத்தி வேரை அழுக வைச்சுப் போட்டீங்க."

தொட்டியைத் தூக்கப் பார்த்தாள். கை உயரவில்லை. அப்படியே கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் ஒருநாளும் அழாதவள். தொட்டியைக் கவிழ்த்து வேர்களைக் கழுவினேன். அவள் சொல்லச் சொல்ல அழுகியதை வெட்டி, பற்றையாய்ச் சேர்ந்திருந்த கன்றுகளைப் பிரித்தேன். ஒரேயொரு கன்றில்தான் வெள்ளை வேர் மிஞ்சியிருந்தது. தேங்காய்ப் பொச்சு நாரும் கரியும் போட்டு அதை நட்டேன். முதுகு முறிந்துவிட்டது.

"இனி நான் சொன்னாத்தான் தண்ணி ஊத்தணும்."

"ஓம்" என்றேன்.

படுக்கப் போகும்போது, "நாளைக்குக் காயத்துக்கு நீங்களே மருந்து கட்டி விடுங்க" என்றாள். இத்தனை நாளும் தாதிமாரைத் தவிர யாரையும் அவள் அந்தக் காயத்தைப் பார்க்க விட்டதில்லை. என்னையும்தான். சரி என்று சொல்லிவிட்டேன். கண் சொருகுகிறது. நகத்துக்குள் இன்னும் கரி இருக்கிறது; நாளைக்குக் கையை நன்றாகக் கழுவ வேண்டும்.